பால்மரம் சீனிய பூட்டி அனுப்புது, நாம தொறந்தே அனுப்புறோம்

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட்ல முப்பது வருசம் ரப்பர் மரத்துல பால் வெட்டுன எங்க பாட்டி, சீனி செக்கப்புக்கு கிளினிக் போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே இனிப்பான பால் டீ தே தாரிக்க நிறுத்திட்டு, பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்குக்கு மாறிடும். விரல்ல குத்திப் பாத்தா 6.1ன்னு அழகா வரும், ஆனா மிஸ்ஸி (நர்ஸ்) இன்னொரு பேப்பர எடுத்து 9.4ன்னு காட்டும். "ரத்தம் கோள் சொல்லுது லா"ன்னு பாட்டிக்குக் கோவம். (ரெண்டும் வேற வேற அளவு, முதலாவது அந்த நேரம் ஒரு லிட்டர் ரத்தத்துல எத்தன மில்லிமோல் சீனின்னு, மத்தது சிவப்பணுவுல இருக்குற ஹீமோகுளோபின்ங்குற புரதம் நூறுல எத்தனைல சீனி ஒட்டியிருக்குன்னு.)

கோள் சொல்றது குளுக்கோஸோட ஒரு முனைதான். குளுக்கோஸ் ஆறு கார்பன் சீனி, வளையமா சுருண்டுதான் கெடக்கும், ஆயிரத்துல ஒண்ணுகூட விரிஞ்சிருக்காது, ஆனா விரியுற நேரம் ஆல்டிஹைடுன்னு சொல்ற ஒட்டுற முனை வெளிய நீட்டிக்கிட்டு பக்கத்துல இருக்குற புரதத்துல போய் ஒட்டிக்கும். ரொட்டி சானாய் கல்லுல செவக்குறதும் இந்த வகை வேலைதான், அங்க சூட்டுல சீக்கிரம் நடக்குது, ஒடம்புல மெதுவா. ஹீமோகுளோபின்ல நல்லா ஒட்டுனது அப்புறம் கழறாது, சிவப்பணுவோட ஆயுசு சுமாரா 120 நாள், அதனால எச்பிஏ1சி, அதாவது மிஸ்ஸி காட்டுன அந்த ரெண்டாவது அளவு, ரெண்டு மூணு மாசக் கணக்கையும் சேத்து சொல்லிடுது.

பாட்டி வெட்டுன மரத்துல கத வேற. எலை வெயில்ல செஞ்ச சீனிய குளுக்கோஸா கீழ அனுப்பாது, ஒரு குளுக்கோஸையும் ஒரு ஃபிரக்டோஸையும் முனையோட முனை பூட்டி சுக்ரோஸா அனுப்பும், அதாவது நம்ம கடைச்சீனி. ஒட்டுற முனை ரெண்டும் உள்ள மாட்டிக்கிட்டதால வழியில எதுலயும் ஒட்டாது. பட்டையில பால் குழாய்க்கு வந்ததும் நொதி அத பிரிக்கும், அப்புறம் ரெண்டு கார்பன் துண்டா ஒடச்சு, மூணு துண்டு சேத்து, ஒரு கார்பன கழிச்சு விட்டா அஞ்சு கார்பன் கண்ணி, அத ஆயிரக்கணக்குல கோத்தா ரப்பர். மங்குல சொட்டுற பாலு சீனியில இருந்து வந்ததுதான். சீனி திரும்ப வந்து சேர நேரம் வேணும், ஓயாம வெட்டுனா மரம் வத்திப்போறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

வெட்டுக்கிளிகூட ரெண்டு குளுக்கோஸ ஒண்ணோட ஒண்ணு பூட்டி டிரெகலோஸாதான் ரத்தத்துல ஓட்டுது. நாமதான் தொறந்து விட்டிருக்கோம், மூளைக்கு ஒடனே கெடைக்கட்டும்னு இருக்கலாம், அதனால மொத்த ரத்தத்துலயும் ஒரு தேக்கரண்டி அளவுக்கு மேல ஏறாம இன்சுலின் காவல் காக்குது.

எல்லாத்தையும் கேட்டுட்டு பாட்டி, "அப்ப அடுத்த செக்கப்புக்கு எத்தன நாள் முன்னாடி நிறுத்தணும்?"ன்னுச்சு. 120 நாள்னேன். கிளாஸ கீழ வைக்கல.