ஒல்லியானவருக்கு எப்படி சுகர் வருகிறது?

பெரியப்பாவுக்கு சுகர் இருக்கிறது என்று தெரிந்த அன்று பெரியம்மா நம்பவே இல்லை. "இந்த உடம்புல சதை எங்க இருக்கு, சுகர் வர?" என்று ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரியப்பாவின் உயரம் ஐந்தடி ஆறங்குலம், எடை 62 கிலோ. பிஎம்ஐ 22தான். அதாவது எடையை, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண். உலக அளவுகோலின்படி 25 வரை அது இயல்பு.

பெரியம்மா அமெரிக்காவில் இருந்திருந்தால் அவர் கேட்டது நியாயம்தான். அங்கே சர்க்கரை நோயுள்ள பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அந்த 25ஐத் தாண்டியவர்கள். ஜப்பானிலோ டைப் 2, அதாவது பெரியவர்களுக்குப் பரவலாக வரும் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்களின் சராசரி பிஎம்ஐயே 25ஐ ஒட்டித்தான் நிற்கிறது. ஒரே நோய்தான், ஆனால் அது வந்தவர்களின் உடல்வாகு ஊருக்கு ஊர் மாறுகிறது.

எவ்வளவு மாறுகிறது என்பதை இங்கிலாந்தில் 14 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மருத்துவப் பதிவுகளைக் கொண்டு கணக்கிட்டு 2021இல் வெளியிட்டார்கள். பிஎம்ஐ 30 உள்ள வெள்ளையருக்கு டைப் 2 நோய் வரும் ஆபத்து எவ்வளவோ, அதே ஆபத்து தெற்காசியருக்கு 23.9லேயே வந்துவிடுகிறது. அரபு வம்சாவளியினருக்கு 26.6, சீனருக்கு 26.9, கறுப்பினத்தவருக்கு 28.1. லண்டனில் இருக்கும் தமிழரும் வெள்ளைக்காரரும் ஒரே மருத்துவரிடம் போகலாம். இருவரையும் ஒரே எண்ணை வைத்துப் பார்த்தால் தமிழருக்கு நோய் தாமதமாகத்தான் தெரியவரும்.

காரணம் என்ன? 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு படம் எனக்கு மறக்கவே மறக்காது. புணேவைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தங்கள் உடம்பையே ஸ்கேன் செய்து பார்த்தார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். தராசு எடையை மட்டும்தான் காட்டும். அதில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது.

தசை குறைந்தால் அதுவே ஒரு சிக்கல். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கி வைத்துக்கொள்வது தசைதான். அதைவிட முக்கியம், கொழுப்பு எங்கே தங்குகிறது என்பது. தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பை நெல் கொட்டும் குதிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குதிர் பெரிதாக இருந்தால் எவ்வளவு வந்தாலும் உள்ளே போகும், அதனால் பெரிய கெடுதல் இல்லை. குதிர் சிறிதாக இருந்தால்? மிச்ச நெல் திண்ணையிலும் அடுப்படியிலும் குவியும். உடம்பில் அந்த அடுப்படி கல்லீரலும் கணையமும்தான். கொழுப்பு ஏறிய கல்லீரல், ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் சொல்வதைக் கேட்காமல், வெறும் வயிற்றிலும் சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். கணையத்தில் படியும் கொழுப்பு, இன்சுலின் சுரக்கும் செல்களைச் சோர வைக்கும். தெற்காசியர்கள் பலருக்கும் இந்தக் குதிர் சிறிது.

இது பிறக்கும்போதே தொடங்கிவிடுகிறது. புணே சுற்றுவட்டாரக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளை யாஜ்னிக் குழுவினர் இங்கிலாந்தின் சவுத்தாம்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். அங்கே சராசரி எடை 3.5 கிலோ, இங்கே 2.7 கிலோ. வயிறும் கைத்தசையும் நம் குழந்தைகளுக்கு நன்றாகவே சிறுத்திருந்தன, ஆனால் தோள்பட்டைக்குக் கீழே மடித்து அளந்த கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. தாய்க்குக் கிடைக்காத சாப்பாட்டின் தடம் இதில் இருக்கிறது. அதனால் இதை வெறும் 'ஜீன்' விவகாரம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை.

சரி, இந்தியாவுக்குள் எல்லா இடமும் ஒன்றா? இல்லை. சென்னையில் உள்ள நீரிழிவு ஆய்வு நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. தொப்பை வகைப் பருமன் புதுச்சேரியில் 61.2 சதவீதம், ஜார்க்கண்டில் 18.4. சர்க்கரை நோய் கோவாவில் 26.4 சதவீதம், உத்தரப்பிரதேசத்தில் 4.8. நாடு முழுவதற்கும் எடுத்தால், பிஎம்ஐ வைத்துப் பார்க்கும் பருமன் 28.6 சதவீதம், இடுப்புச் சுற்றளவை வைத்துப் பார்த்தால் 39.5. அதாவது எடையில் சிக்காத பலர் டேப்பில் சிக்குகிறார்கள்.

பெரியப்பாவும் அப்படித்தான் சிக்கினார். அவர் பேண்ட் சைஸ் 34. ஆனால் பெல்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிப் போடுவார். நர்ஸ் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சை விடச் சொல்லி அளந்தார். 94 சென்டிமீட்டர். தெற்காசிய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 என்பதுதான் வரம்பு. அமெரிக்காவில் ஆண்களுக்கு வழக்கமாகச் சொல்லும் 102ஐ வைத்துப் பார்த்திருந்தால், 'ஒன்றுமில்லை' என்று அனுப்பியிருப்பார்கள்.

ஒல்லியானவர் எடை குறைத்தால் பலன் உண்டா என்று கேட்பார்கள். இங்கிலாந்தின் நியூகாசிலில் ராய் டெய்லர் குழுவினர் இதைச் செய்தே பார்த்தார்கள். பிஎம்ஐ 27க்குள் இருந்த 20 டைப் 2 நோயாளிகளுக்குச் சில வாரங்கள் கலோரி மிகக் குறைந்த உணவு கொடுத்து, உடம்பெடையில் பத்து சதவீதம் போல இறங்க வைத்தார்கள். கல்லீரல் கொழுப்பு வடிந்தது. 14 பேருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. ஆனால் இது மருத்துவர் கண்பார்வையில் நடந்தது. சுகரோடு சேர்ந்து தானாகவே எடை இறங்கிக்கொண்டிருந்தால் கதையே வேறு. அது உடம்பில் இன்சுலினே சுரக்காமல் போகும் டைப் 1 ஆக இருக்கலாம், கணையத்தில் வேறு நோயாகவும் இருக்கலாம். அவர்கள் பட்டினி கிடக்கக் கூடாது, முதலில் எந்த வகை என்று பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.