கெட்டியான ஸ்பிரிங் போட்டால் பிக்கப் வண்டியின் தாங்கும் திறன் கூடிவிடாது

உங்கள் பிக்கப் வண்டியின் பக்கவாட்டில் நின்று, கேபினுக்கும் லோடு பாடிக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை அது ஏறத்தாழ ஒரே அகலமாக இருக்க வேண்டும். கேபினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர்கள் நல்ல நிலையில் இருந்தும் அது மேலே விரிந்தும் கீழே குறுகியும் காணப்பட்டால், கேபினுக்குப் பின்னால் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ் வளைந்திருக்கிறது என்று பெரும்பாலும் உறுதியாகச் சொல்லிவிடலாம். அண்மையில் எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு வண்டியில் அந்த இடைவெளியின் மேல்பகுதிக்குள் என் கை முழுவதும் தாராளமாக நுழைந்தது. கீழே கட்டைவிரலைக்கூட நுழைக்க முடியவில்லை. அதன் உரிமையாளர் கேட்டது, இதே நிலையில் வண்டியைக் கொண்டுவரும் எல்லோரும் கேட்கும் கேள்விதான்: “சஸ்பென்ஷனை நன்றாகப் பலப்படுத்திவிட்டுத்தானே ஓட்டினேன், பிறகு எப்படி வளைந்தது?”

அவர் பலப்படுத்தியது ஸ்பிரிங்கை மட்டுமே. வண்டியின் மொத்த எடை இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று தயாரிப்பாளர் தகட்டில் பொறித்துத் தரும் வரம்பு, ஸ்பிரிங்கை மட்டும் பார்த்து எழுதப்படுவதில்லை. டயர், வீல் பேரிங், ஆக்சில் கூடு, பிரேக், சேஸிஸ் என எல்லாவற்றின் தாங்குதிறனையும் கணக்கில் கொண்டே அது முடிவாகிறது. பின்புற ஸ்பிரிங்கை மாற்றிக் கெட்டியானதைப் போடும்போது மற்றவை எல்லாம் பழையபடியேதான் இருக்கின்றன. பாரம் ஏற்றியபோது தாழ்ந்து நின்ற வண்டி இப்போது நிமிர்ந்து நிற்கும்; ஆனால் பேரிங் சுமக்கும் எடையில் ஒரு கிலோகூடக் குறைந்திருக்காது, மலையிறக்கத்தில் பிரேக் நிறுத்த வேண்டிய எடையும் குறைந்திருக்காது. வண்டி நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் ஏற்றலாம் என்ற துணிச்சல் மட்டும் கூடியிருக்கும். வண்டி பின்னால் உட்காருவது, பாரம் மிகுந்துவிட்டது என்று அது நமக்குச் சொல்லும் வழி. அந்த அறிகுறியை மறைத்துவிட்டு, பிரச்சினையே தீர்ந்துவிட்டதாக நினைப்பவர்களிடம் இதை எத்தனை முறை சொன்னாலும், “விற்றவர் ஐந்நூறு கிலோ கூடுதலாகத் தாங்கும் என்றாரே” என்ற பதில்தான் வருகிறது. தாங்கும்தான், அந்த ஸ்பிரிங் தாங்கும். அதன் கீழே இருப்பதும் மேலே இருப்பதும் தாங்குமா என்பதை விற்றவர் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. சட்டப்படி மொத்த எடை வரம்பை உயர்த்த வேண்டுமானால், அதற்குப் பதிவு அதிகாரியிடம் முறையான சான்றும் ஒப்புதலும் தேவை. பட்டறை ரசீது அந்த இடத்தில் செல்லாது.

குறிப்பாக, ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் இடையே வைக்கும் துணைக் காற்றுப்பைகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. உருக்குப் பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங், பாரத்தைச் சேஸிஸிலிருந்து முன் தாங்கி, பின் ஷேக்கிள் (ஸ்பிரிங்கின் பின்முனையைச் சேஸிஸோடு சேர்க்கும் அசையும் இணைப்பு) என்ற இரண்டு இடங்களில் வாங்கிக்கொள்கிறது. அவை ஒன்றுக்கொன்று ஒரு மீட்டருக்கும் மேல் தள்ளி இருப்பதால் சேஸிஸின் பின்பகுதிக்கு முட்டுக் கிடைக்கிறது. காற்றுப்பையோ ஆக்சிலுக்கு நேர் மேலே ஒரே இடத்தில் உந்துகிறது. பையில் காற்றை ஏற்ற ஏற்ற, ஷேக்கிள் தாங்கிய பங்கு குறைந்து, பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி முழுவதும் அந்த ஒரே புள்ளியைப் பிடித்துக்கொண்டு தொங்கத் தொடங்குகிறது. அதன் முனையில் டிரெய்லரையும் மாட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கே போதும். முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே 3.1 மீட்டர், டிரெய்லர் கொக்கி பின் ஆக்சிலிலிருந்து 1.2 மீட்டர் பின்னால். கொக்கியின் மேல் அழுத்தும் எடை 250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பின் ஆக்சிலில் கூடுவது 250 கிலோ அன்று, ஏறத்தாழ 347 கிலோ. முன் ஆக்சிலிலிருந்து 97 கிலோ குறைந்துவிடுகிறது. இது வண்டி அசையாமல் நிற்கும்போது உள்ள நிலை. வேகத்தில் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது கணப்பொழுதுக்கு இது பல மடங்காகும். காற்றுப்பையே கூடாது என்று நான் சொல்லவில்லை. வரம்புக்கு உட்பட்ட பாரத்தை அவ்வப்போது ஏற்றுபவர், வண்டியைச் சமமாக நிறுத்த அளவோடு காற்றடித்து, இறக்கியதும் குறைத்துவிட்டால் அது பயனுள்ள பொருள்தான். நிரந்தரமாகப் பாரம் சுமக்கும் வண்டிக்கு அது மருந்தாகாது.

ஆகவே எதையும் வாங்குவதற்கு முன் எடைமேடைக்குப் போங்கள். வெறும் வண்டியை ஏற்றி நிறுத்திப் பயனில்லை. நீங்கள் வழக்கமாக ஓட்டும் நிலையில், கருவிப் பெட்டி, கூண்டு, எரிபொருள், உட்காரும் ஆட்கள் எல்லாம் சேர்த்து, முன் ஆக்சிலைத் தனியாகவும் பின் ஆக்சிலைத் தனியாகவும் எடை போடுங்கள். அதோடு நான்கு சக்கரங்களிலும் வீல் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை உள்ள உயரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரின் தேய்மானமும் காற்றழுத்தமும் அளவைக் குழப்பிவிடும். இந்தத் தாளோடு வருபவருக்குச் சரியான ஸ்பிரிங்கைச் சொல்ல எனக்கு அதிக நேரம் ஆகாது. “இரண்டு அங்குலம் தூக்கணும்” என்று மட்டும் சொல்லிக்கொண்டு வருபவரிடம்தான் நெடுநேரம் பேச வேண்டியிருக்கிறது.

நல்ல விற்பனையாளர் தம் ஸ்பிரிங்கை உயரத்தை வைத்து விற்கமாட்டார். வண்டியின் மேல் நிரந்தரமாக எவ்வளவு எடை இருக்கும் என்பதை வைத்தே விற்பார். அவ்வப்போது மட்டும் 300 கிலோ ஏற்றுபவர், நிரந்தரமாக 300 கிலோ சுமக்கும் வண்டிக்கான ஸ்பிரிங்கை வாங்கக் கூடாது. வெறும் வண்டியாக ஓடும்போது அது சக்கரத்தைத் தரையில் பதியவிடாது. கரடுமுரடான சாலையில் பின்புறம் துள்ளும், ஈரச் சாலையில் பிரேக் பிடித்தால் சக்கரம் எளிதில் பூட்டிக்கொள்ளும், ஸ்பிரிங் உள்வாங்க வேண்டிய அதிர்ச்சியெல்லாம் சேஸிஸுக்கும் பாடி வெல்டிங்குகளுக்கும் போகும். நீடித்து உழைக்க வேண்டும் என்பதற்காகக் கெட்டியானதை வாங்கியவரின் வண்டியில் விரிசல்கள் வருவது இப்படித்தான். பட்டையின் கெட்டித்தன்மை அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்: 8 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதில் அதே நீள அகலத்தில் 9 மில்லிமீட்டர் பட்டையை வைத்தால் அது 40 விழுக்காட்டுக்கும் மேல் கெட்டியாகிவிடும். “ஒரு மில்லிமீட்டர்தானே” என்று யாரும் சொல்லவேண்டாம். பெரும்பாலும் வெறுமையாக ஓடி, எப்போதாவது பாரம் ஏற்றும் வண்டிக்கு, மேல்பட்டைகள் மெல்லியதாகவும், பாரம் ஏறியபின் மட்டும் தொட்டு வேலை செய்யும் தடித்த கீழ்ப்பட்டை உடையதாகவும் இருக்கும் இரண்டு கட்ட ஸ்பிரிங்கே பொருந்தும்.

தரத்தைப் பெயிண்ட்டைப் பார்த்து எடைபோடாதீர்கள். பட்டையின் பரப்பைச் சிறு உருக்குக் குண்டுகளால் அடித்து இறுக்கும் ஷாட் பீனிங் செய்யப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். திரும்பத் திரும்ப வளைவதால் உலோகம் களைத்து வரும் விரிசல் பரப்பில்தான் தொடங்கும் என்பதால் பட்டையின் ஆயுளில் இதன் பங்கு பெரிது. இரண்டாவது பட்டை மெயின் பட்டையின் முனையில் போல்ட் நுழையும் வளையமான கண்ணைச் சுற்றி வளைந்திருக்கிறதா என்று பாருங்கள்; மெயின் பட்டை கண்ணருகே முறிந்தாலும் ஆக்சிலை அது பிடித்து வைத்திருக்கும். பட்டை முனைகளுக்கு இடையே தேய்மானத்தைத் தடுக்கும் லைனர் இருக்கிறதா, அதைப் பிற்காலத்தில் தனியாக வாங்க முடியுமா என்பதையும் விசாரியுங்கள். உட்கார்ந்துபோன பட்டையை நெருப்பில் காய்ச்சி வளைத்துத் தருகிறேன் என்பவரிடமும், முறிந்த பட்டையை வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பவரிடமும் தயவுசெய்து வண்டியைக் கொடுக்காதீர்கள். ஆலையில் ஏற்றிய பதம் அந்தச் சூட்டில் போய்விடும்.

ஷாக் அப்சார்பர் பாரம் தாங்குவதற்கான உறுப்பு அன்று. வண்டி உட்கார்ந்துவிட்டது என்று ஷாக் மாற்றச் சொல்பவர்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஷாக்கின் வேலை ஸ்பிரிங்கின் ஆட்டத்தை வெப்பமாக மாற்றி அடக்குவது. அதனால்தான் நெடுநேரம் வரிவரியான மண்சாலையில் ஓடிய வண்டியின் ஷாக் தொட முடியாதபடி சுடுகிறது. அந்தச் சூட்டில் எண்ணெய் நுரைத்துவிட்டால் பிடிப்பு போய்விடும். ஒற்றைக்குழாய் ஷாக்கில் வாயுவும் எண்ணெயும் மிதக்கும் பிஸ்டனால் பிரிக்கப்பட்டிருப்பதால் நுரைப்பது குறைவு, வெப்பமும் வெளிச்சுவர் வழியே விரைவில் வெளியேறும். ஆனால் வெளிக்குழாயில் கல்பட்டு நன்றாக நசுங்கினால் உள்ளே பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். இரட்டைக்குழாய் ஷாக் அத்தகைய அடியைப் பொறுத்துக்கொள்ளும், விலையும் குறைவு, சூட்டில் முன்னதாகவே தளரும். நாளெல்லாம் கரடான தடத்தில் பாரத்தோடு ஓடுபவருக்கு ஒற்றைக்குழாயோ, தனி எண்ணெய்க்கலம் கொண்டதோ தகும். தார்ச்சாலையை விட்டு இறங்காத வண்டிக்குத் தனிக்கலம் வெறும் அலங்காரம். கெட்டியான ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டுப் பழைய ஷாக்கையே விட்டுவைப்பதுதான் பெரிய தவறு: ஸ்பிரிங் திருப்பி உதறும் விசையை அடக்க அதனால் முடியாது. இரண்டையும் ஒன்றுக்கொன்று பொருத்தித் தருபவரிடம் சேர்த்தே வாங்குங்கள். முழுவதும் ஒடுங்கிய நிலையில் ஷாக்கின் நீளம், ஆக்சில் மேலேறி பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் முட்டைத் தொடும்போது ஷாக்குக்குக் கிடைக்கும் இடத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு பெரிய பள்ளத்திலும் ஷாக்கே முட்டுக்கட்டையாகி, அதன் பிடிமானத்தைப் பெயர்த்துவிடும்.

முன்புறம் தனித்தனிச் சஸ்பென்ஷன் உள்ள வண்டியை 50 மில்லிமீட்டருக்கு மேல் தூக்க விரும்புவோரிடம் நான் சொல்வது சுருக்கமானது: வேண்டாம். சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் சி.வி. ஜாயிண்ட்டும், சக்கரத்தைத் திரும்பவிடும் பால் ஜாயிண்ட்டும் சாய்ந்த கோணத்திலேயே வேலை செய்து சீக்கிரம் தேய்கின்றன. சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வான கேஸ்டர் கோணம் குறைந்து ஸ்டீயரிங் நேராக நிற்க மறுக்கிறது. ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக அமைந்த ஸ்ட்ரட்டின் தலையில் தடித்த வளையத்தை வைத்து மலிவாகத் தூக்குவதில் இன்னொரு சிக்கலும் உண்டு: வளையம் எவ்வளவு தடிமனோ அதைவிட மிகுதியாகச் சக்கரம் கீழே இறங்கும், ஜாயிண்ட்டுகள் அவற்றின் எல்லைக்கு அப்பால் இழுபடும்.

பொருத்தும் முறையில்தான் பல நல்ல பாகங்கள் பாழாகின்றன. ரப்பர் புஷ் (இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் உறை) உள்ள போல்ட்டுகளை வண்டி தூக்கியிருக்கும்போது இறுக்கக் கூடாது. சக்கரங்கள் தரையில் நின்று, வண்டியின் எடை ஸ்பிரிங்கில் அமர்ந்த பிறகே இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும். மேலேயே இறுக்கிவிட்டால், இறங்கியதும் ரப்பர் முறுக்கேறிய நிலையிலேயே நின்று, சில மாதங்களில் கிழிந்துவிடும். பிறகு புஷ் தரமில்லை என்று பழி வரும். உங்கள் மெக்கானிக் இதைச் செய்கிறாரா என்று அருகில் நின்று பாருங்கள். நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ளமாட்டார்.

வண்டியின் உயரம் மாறினால் பிரேக் ஹோஸின் நீளம், ஏ.பி.எஸ். வயர், ஹெட்லைட்டின் ஏற்றம், வீல் அலைன்மென்ட் ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். பலர் கவனிக்காத ஒன்று, பின் ஆக்சிலோடு ஒரு கம்பியால் இணைந்திருக்கும் பார உணர் பிரேக் வால்வு. பின்புறம் தூக்கினால், வண்டியில் பாரமே இல்லை என்று அது எடுத்துக்கொண்டு பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைத்துவிடும்; நீங்களோ முழுப் பாரத்தோடு இறக்கத்தில் இறங்கிக்கொண்டிருப்பீர்கள். உங்கள் வண்டியில் அந்த வால்வு இருந்தால், அதற்குரிய பிராக்கெட்டை மாற்றி அமைக்காமல் பட்டறையை விட்டு வெளியே வராதீர்கள்.

ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிடித்துக்கட்டும் யு-போல்ட்டுகளைக் கழற்றிய பின் பழையவற்றையே மறுபடி போடச் சொல்லிச் சிக்கனம் பார்க்க வேண்டாம். ஒருமுறை இறுக்கியவை நீண்டிருக்கும், மறுமுறை பிடிப்பை நம்ப முடியாது. புதியவற்றைப் போட்டாலும் முதல் 500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள் திரும்பி வந்து இறுக்கிக்கொள்ளுங்கள் என்று நாங்கள் சொல்லி அனுப்புவது இன்னொரு பில் போடுவதற்கான தந்திரம் அன்று. பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து அமரும்போது யு-போல்ட் தளர்கிறது. அது தளர்ந்த பிறகு ஆக்சிலை இடத்தில் நிறுத்தி வைப்பது பட்டைகளை நடுவில் கோத்திருக்கும், விரல் தடிமன்கூட இல்லாத சென்டர் போல்ட் ஒன்றுதான். அதுவும் வெட்டுண்டால் ஆக்சிலின் ஒரு பக்கம் பின்னுக்கு நகர்ந்து, ஓடிக்கொண்டிருக்கும் வண்டி கோணலாகத் திரும்பிவிடும்.