99 குட்டிக்கும் கக்கா யாரு அள்ளுவாங்க?

மே மாத லீவில் என் கிளினிக்குக்கு வருகிறவர்களில் சிலர் நாயே இல்லாமல் வருவார்கள். அப்பா, அம்மா, நடுவில் ஒரு பிள்ளை. "டாக்டர், ஒரு குட்டி வாங்கலாம்னு இருக்கோம், எந்த ஜாதி நல்லது?" என்று தொடங்குவார்கள். கொஞ்சம் கிளறினால் பின்னால் ஒரு சினிமா இருக்கும். குடும்பத்தோடு டிவியில் பார்த்த நாய்ப் படம். பிள்ளை விழுந்து விழுந்து சிரித்திருக்கும். உடனே பெரியவர்கள் முடிவு செய்துவிடுவார்கள், பிள்ளைக்கு அந்த நாய்தான் வேண்டுமாம். அப்படி அது வாயைத் திறந்து சொன்னதா என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள்.

போன வருடம் வந்த ஒரு குடும்பம் பார்த்தது '101 டால்மேஷியன்ஸ்'. கார்ட்டூன் இல்லை, 1996-இல் நிஜ நாய்களை வைத்து எடுத்தது. வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளி போட்ட டால்மேஷியன் குட்டிகளின் தோலில் கோட்டு தைக்க ஒரு பெண் அவற்றைத் திருடுகிற கதை. அப்பா மொபைலில் போட்டோ காட்டினார். "இதே மாதிரி வேணும் டாக்டர். புள்ளி நல்லா நிறைய இருக்கணும்." பக்கத்தில் எட்டு வயதுப் பெண். மேஜை மேல் இருந்த எடை மிஷினைக் கையால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் எப்படி பாப்பா இருந்துச்சு என்று அவளிடம் கேட்டேன்.

"நல்லா இருந்துச்சு அங்கிள். நாய் பேசவே இல்ல. ஆனா என்ன நினைக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சுது."

சரியாகத்தான் சொன்னாள். 1961-இல் வந்த கார்ட்டூனில் நாய்கள் வாய் ஓயாமல் பேசும். இதில் குரைப்பதோடு சரி. காது, வால், கண்ணைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். இருபது வருடமாக நாய் வளர்ப்பவர்களுக்கே இதைச் சொல்லிக்கொடுக்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

அப்புறம் கேட்டாள். "ஆனா அங்கிள், 99 குட்டிக்கும் கக்கா யாரு அள்ளுவாங்க?"

கணக்கும் சரி. வீட்டில் பிறந்தவை 15, மீட்டுக் கொண்டுவந்தவை 84, மொத்தம் 99. தாயும் தகப்பனும் சேர்ந்தால் 101. படத்தைப் பெற்றோர் சிரித்துக்கொண்டே பார்த்திருக்கிறார்கள், பிள்ளை எண்ணிக்கொண்டே பார்த்திருக்கிறாள்.

அந்தப் படத்துக்கு 200-க்கும் மேற்பட்ட குட்டிகள் தேவைப்பட்டன என்று அவளிடம் சொன்னேன். குட்டி மளமளவென்று வளர்ந்துவிடும், படப்பிடிப்பு அதற்காகக் காத்திருக்காது. அதனால் வளர வளர மாற்றிக்கொண்டே இருந்தார்கள். கொஞ்ச நேரம் யோசித்தவள், "அப்போ அது பெருசானா அதை வளர்க்குறது எவ்வளவு கஷ்டம்னு படத்துல காட்டலையே" என்றாள்.

காட்டவில்லைதான். வளர்ந்த டால்மேஷியன் 25 கிலோவைத் தொடும். ஒரு காலத்தில் குதிரை வண்டியோடு மைல் கணக்கில் ஓடுவதற்கென்றே வளர்த்த ஜாதி அது. இவர்கள் இருப்பது மூன்றாவது மாடி பிளாட். தினமும் ஒரு மணி நேரமாவது ஓட விடாவிட்டால் சோபா பஞ்சாகிவிடும். வருடம் முழுக்க வெள்ளை முடி உதிரும், கறுப்பு பேன்ட் போடுவதையே மறந்துவிட வேண்டியதுதான். இன்னொரு விஷயம், டால்மேஷியன் குட்டி பிறக்கும்போது வெள்ளை வெளேரென்றுதான் இருக்கும். இரண்டு வாரம் போலத்தான் புள்ளி தெரியத் தொடங்கும்.

"அந்தக் கெட்ட ஆன்ட்டிக்கும் புள்ளிதான் பிடிச்சுது. அப்பாவுக்கும் புள்ளிதான் பிடிச்சிருக்கு" என்றாள் அவள்.

அம்மா சிரித்துவிட்டார். அப்பா மொபைலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

டால்மேஷியன்தான் என்று முடிவு செய்தால் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள் என்றேன். முதலாவது காது. அமெரிக்காவில் பரிசோதித்த கணக்கின்படி ஏறக்குறைய பத்தில் மூன்று டால்மேஷியன்களுக்கு ஒரு காதிலாவது கேட்காது. தோலுக்கு நிறம் தரும் செல்கள் உள்காதிலும் வேண்டும். அவை இல்லாமல் போனால் பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் போய்விடும். நம் ராஜபாளையம் நாய்களிலும் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதுண்டு, அங்கேயும் சந்தேகம் அந்த வெள்ளை நிறத்தின் மேல்தான். வாங்கப் போகும் இடத்தில் குட்டி தூங்கும்போது பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். தரையைத் தட்டக் கூடாது, அதிர்வில் விழித்துக்கொள்ளும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இந்தச் சோதனையில் பிடிக்க முடியாது. ஆனால் அப்படிப்பட்ட குட்டியை வீட்டில் வளர்ப்பதில் பெரிய சிரமமும் இல்லை.

இரண்டாவது சிறுநீர். மற்ற நாய்கள் யூரிக் ஆசிடை உடைத்து வேறு பொருளாக்கி வெளியேற்றும், டால்மேஷியனால் அது சரியாக முடியாது. சிறுநீர்ப்பையில் கல் சேரும். ஆண் நாய்க்குக் குழாய் குறுகல் என்பதால் கல் வந்து அடைத்துக்கொள்ளும். காலைத் தூக்கி நின்றுகொண்டே இருக்கும், சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அந்த நிலையில் மறுநாள் வரை பொறுக்காதீர்கள், உடனே தூக்கிக்கொண்டு ஓடி வாருங்கள். நம்மூரில் நாயின் மேல் பாசம் வந்தால் ஆட்டு ஈரல் வாங்கிப் போடுவது பழக்கம். இந்த நாய்க்கு ஈரல், குடல், மத்தி மீன் எதுவும் வேண்டாம். தண்ணீர் மட்டும் எப்போதும் நிறைய இருக்கட்டும்.

இந்தப் படம் வந்த பிறகு அமெரிக்காவில் ஆசையாக வாங்கிய டால்மேஷியன்களைப் பலர் காப்பகங்களில் கொண்டுவந்து விட்டார்கள். நமக்கு ஒரு செல்போன் விளம்பரம் போதுமானதாக இருந்தது. 2003-க்குப் பிறகு தெருவுக்குத் தெரு பக் நாய். மூக்கு சப்பையான அந்த ஜீவன்கள் சித்திரை வெயிலில் மூச்சுக்குத் தவிப்பதை இன்றும் என் மேஜையில் பார்க்கிறேன்.

எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய மத்திய அரசின் 2017 விதிகள் சொல்கின்றன. முப்பது நாள் குட்டியைக் கொண்டுவந்து நீட்டுபவரிடம் வாங்காதீர்கள். இதையும் சொல்லித்தான் அனுப்பினேன். நாய் பன்னிரண்டு வருடம் இருக்கும், அப்போது உன் வயது என்ன என்று கேட்டேன். "இருபது" என்றாள் பட்டென்று. அப்பாவின் வயதை நான் கேட்கவில்லை.

நான்கு மாதம் கழித்து வந்தார்கள். டால்மேஷியன் இல்லை, அவர்கள் தெருவில் பிறந்த ஒரு நாட்டுப் பெண் குட்டி. செம்மண் நிறம், மார்பில் மட்டும் ஒரு வெள்ளைத் திட்டு. காது கேட்கிறதா என்று சாவியை ஆட்டிப் பார்த்துவிட்டார்களாம். முதல் தடுப்பூசி போட்டேன். பாப்பா ஒரு நோட்டு கொண்டுவந்திருந்தாள். நாய் சாப்பிட்ட நேரம், வெளியே போன நேரம் எல்லாம் பென்சிலில் கோடு போட்டு எழுதியிருந்தது. கடைசிக் கட்டத்துக்கு மேலே 'கக்கா அள்ளியது' என்று தலைப்பு. அதன் கீழே வரிசையாக, அப்பா, அப்பா, அப்பா, அம்மா, அப்பா.