பதினைந்து ஆண்டு எங்கிருந்து தொடங்குகிறது? பழைய வேனுக்கு ரீகால் வேலையை டீலரிடம் செய்து வாங்குவது

"வண்டி ரொம்பப் பழசு, ரீகால் காலாவதி ஆகிவிட்டது." அமெரிக்காவில் பழைய டொயோட்டா சியன்னா, ஹோண்டா ஒடிஸி வைத்திருக்கும் நம் குடும்பங்கள் பலவும் டீலரின் சர்வீஸ் மேசையில் இந்தப் பதிலைக் கேட்டுவிட்டுத் திரும்பி வருகின்றன. ரீகால் என்பது, பாதுகாப்புக் கோளாறு உள்ள வண்டிகளைக் கம்பெனி திரும்ப அழைத்துச் சரிசெய்து கொடுப்பது. டீலர் சொல்வது பெரும்பாலும் தவறான பதில். சொல்பவர் வேண்டுமென்றே பொய் சொல்கிறார் என்றில்லை. வாரன்டியையும் ரீகாலையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார், அவ்வளவுதான்.

வாரன்டி என்பது கம்பெனி தானாகக் கொடுக்கும் வாக்கு. அதற்கு ஆண்டும் மைலும் உண்டு. பாதுகாப்பு ரீகால் மத்திய அரசின் சட்டப்படி கம்பெனி மீது விழும் கடமை. அதற்கு மைல் கணக்கே கிடையாது. வண்டி இரண்டு லட்சம் மைல் ஓடியிருந்தாலும், நீங்கள் மூன்றாவது கையாக வாங்கியிருந்தாலும், வேலை இலவசம்தான். எந்த ஊரில் வாங்கினீர்கள் என்பதும் பொருட்டில்லை. அந்தப் பிராண்டின் அங்கீகாரம் பெற்ற எந்த டீலரிடமும் செய்துகொள்ளலாம்.

குழப்பம் வரும் இடம் "15 ஆண்டு" என்ற வரம்பு. சட்டத்தில் அப்படி ஒரு வரம்பு இருப்பது உண்மைதான். முன்பு 10 ஆண்டாக இருந்ததை 2015 டிசம்பரில் வந்த ஃபாஸ்ட் என்ற மத்திய அரசுச் சட்டம் 15 ஆக்கியது. ஆனால் எதிலிருந்து எதுவரை என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் உரிமையாளர் வண்டியை வாங்கிய நாள் தொடக்கம். ரீகால் அறிவிப்பு கொடுக்கப்பட்ட நாள் முடிவு. இன்றைய தேதிக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. 2011-இல் விற்ற ஒரு சியன்னாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மின்சார ஸ்லைடிங் கதவுக்கான ரீகால் 2016 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. இடைவெளி ஐந்து ஆண்டு. எனவே அந்த வேலை இன்றும் பாக்கியிருந்தால் இன்றும் இலவசம். வண்டிக்கு இருபது வயதானாலும் இலவசம். சர்வீஸ் மேசையில் முதலில் பேச வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.

போவதற்கு முன் வண்டியின் வின் எண்ணை, அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் உரிய தனி அடையாள எண்ணை, எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தும் இலக்கமுமாக 17 இடங்கள். ஓட்டுநர் பக்கம் முன்கண்ணாடியின் அடியில் வெளியிலிருந்தே தெரியும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் உள்ள ஸ்டிக்கரிலும் இருக்கும். ஆங்கிலத்தின் ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று எழுத்துகளும் வின் எண்ணில் வரவே வராது. ஓ போலத் தெரிந்தால் அது பூஜ்யம், ஐ போலத் தெரிந்தால் அது ஒன்று. கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் பிழை நேராது.

தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தை அங்கே எல்லோரும் சுருக்கமாக "நிட்ஸா" என்பார்கள். அதன் இணையதளத்தில் இந்த எண்ணைத் தட்டினால் பாக்கியுள்ள ரீகால்கள் வரும். இங்கேதான் பழைய வேன்காரர்கள் ஏமாறுகிறார்கள். அந்த வின் தேடல் பொதுவாகக் கடந்த 15 ஆண்டுக்குள் வந்த ரீகால்களை மட்டுமே காட்டும். "பாக்கி 0" என்று வந்தால், 15 ஆண்டுக்குள் வந்தவற்றில் பாக்கி இல்லை என்றுதான் பொருள். அதற்கு முன் வந்த ஒன்று செய்யப்படாமலே கிடக்கலாம். புதிதாக அறிவித்து, எந்தெந்த வண்டிகள் என்று கம்பெனி இன்னும் முழுதாகப் பட்டியலிடாத ரீகாலும் அதில் தெரியாது.

எனவே இன்னொரு தேடலும் வேண்டும். அதே தளத்தில் வின் இல்லாமல் ஆண்டு, கம்பெனி, மாடல் மூன்றையும் கொடுத்துத் தேடினால், அந்த மாடலுக்கு இதுவரை வந்த ரீகால்கள் எல்லாம் வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்து "வி" என்ற எழுத்து, பிறகு மூன்று இலக்கம். இந்தப் பட்டியலை அச்செடுத்துக் கையோடு கொண்டுபோய், ஒவ்வொன்றையும் தங்கள் உள் கணினியில் வின் போட்டுப் பார்க்கும்படி டீலரிடம் கேளுங்கள். பொதுமக்களுக்குத் தெரியாத பழைய பாக்கியும், எப்போது எந்த டீலரிடம் செய்யப்பட்டது என்ற வரலாறும் அதில் தெரியும். டீலர்கள் கம்பெனி தரும் தனிக் குறியீட்டை வைத்துத்தான் தேடுவார்கள். அதனால் நிட்ஸா எண்ணோடு எந்தப் பாகத்துக்கான ரீகால் என்பதையும் சேர்த்துச் சொல்வது நல்லது.

"அது எப்பவோ செய்தாச்சு" என்ற பதிலையும் அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது. சியன்னாவின் ஸ்டெப்னி டயர் இதற்குச் சரியான உதாரணம். டயர் வண்டிக்கு அடியில் ஒரு கம்பிக் கேபிளில் தொங்கும். பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு அந்தக் கேபிளை அரிக்கும். கேபிள் அறுந்தால் டயர் நெடுஞ்சாலையில் விழும், பின்னால் வருபவர் உயிருக்கு ஆபத்து. 2010 ஏப்ரலில் 1998 முதல் 2010 வரையிலான சியன்னாக்களில் ஏறத்தாழ ஆறு லட்சத்துக்கு இதற்காக ரீகால் வந்தது. அத்தோடு முடியவில்லை. 2004 முதல் 2011 வரையிலான வண்டிகளுக்கு 2014-இல் இதே கோளாறுக்கு மறுபடியும் ரீகால் வந்தது. முதல் முறை செய்த வண்டிக்கு இரண்டாவது பாக்கி இருக்கலாம். "ஸ்டெப்னி வேலை ஆச்சு" என்று டீலர் சொன்னால், எந்த ஆண்டு ரீகால் என்று கேளுங்கள்.

இந்த ரீகால் உப்பு தூவும் குளிர் மாநிலங்களுக்கு மட்டும் என்று வந்தது. டெக்சாஸில் விற்ற வேன் இப்போது நியூ ஜெர்சியில் ஓடிக்கொண்டிருந்தால், கம்பெனிப் பட்டியலில் அந்த வின் விடுபட்டிருக்கலாம். அப்போது இப்போதைய பதிவுச் சான்றிதழைக் காட்டி, வண்டி எந்த மாநிலத்தில் ஓடுகிறது என்று கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவில் பதியச் சொல்ல வேண்டும். காத்திருக்கும் நாட்களில் டார்ச் அடித்து வண்டியின் அடியைப் பாருங்கள். கேபிளில் இழை பிரிந்தோ துரு உரிந்தோ தெரிந்தால் இறக்கும் கைப்பிடியைச் சுற்ற வேண்டாம், அடியில் தலையையும் நீட்ட வேண்டாம்.

அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே வின் எண்ணையும் ரீகால் எண்ணையும் கொடுத்து, பாகம் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். ரீகால் பாகங்கள் பலவும் வின் எண் கொடுத்தால்தான் கம்பெனியிலிருந்து வரும். டீலர் முன்கூட்டி அடுக்கி வைத்திருக்க மாட்டார். பாகம் வந்த பிறகு நாள் குறித்தால் வீண் அலைச்சல் இல்லை. சியன்னா கதவு ரீகாலில் டேஷ்போர்டின் கீழ் உள்ள ஃபியூஸ் பெட்டியை மாற்றி, அங்கிருந்து கதவு மோட்டார்களுக்குப் புதிய வயர்களும் போடுவார்கள். கதவு மோட்டாரில் சுமை கூடினால் ஃபியூஸ் போய்விடும். அந்த நேரம் கதவு கொக்கி மாட்டாமல் நின்றுவிட்டால், ஓடும் வண்டியில் கதவு திறந்துகொள்ளும். அதுதான் கோளாறு. இந்த வேலைக்கு ஓரப் பலகைகளைக் கழற்ற வேண்டியிருக்கும். குழந்தை இருக்கைகளையும் பின்னால் குவித்த சாமான்களையும் வீட்டிலேயே இறக்கிவிட்டுப் போங்கள்.

டீலர் ஏன் முகம் சுளிக்கிறார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ரீகால் வேலைக்குக் கூலி கொடுப்பது கம்பெனி. இந்த வேலைக்கு இவ்வளவு நேரம் என்று கம்பெனி வரையறுத்து வைத்திருக்கும். துருப்பிடித்த பழைய வேனில் ஒரு போல்ட் சிக்கிக்கொண்டால் மெக்கானிக்குக்கு இரண்டு மடங்கு நேரம் ஆகலாம், கூலியோ அதே. அதனால்தான் பழைய வண்டி என்றதும் ஒதுக்கப் பார்க்கிறார்கள். அவர்கள் நிலை புரிகிறது. ஆனால் அது உங்கள் தலையில் விழ வேண்டிய செலவு அல்ல.

சர்வீஸ் மேசையில் வண்டியை விடும்போது எழுதும் தாளுக்கு ரிப்பேர் ஆர்டர் என்று பெயர். பணம் பிடுங்கப்படுவது பெரும்பாலும் இந்தத் தாளில்தான். "கதவு சத்தம் போடுகிறது, பாருங்கள்" என்று நீங்கள் சொன்னால், அட்வைசர் அதை வாடிக்கையாளர் புகார் என்று எழுதுவார். அதற்குச் சோதனைக் கட்டணம் உண்டு. "இந்த எண்ணுள்ள ரீகாலைச் செய்ய வேண்டும்" என்று சொன்னால், அது ரீகால் வரியாகப் பதிவாகும். கட்டணம் கிடையாது. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு தனி வரிகளாக எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடும் முன் ரீகால் வரிக்கு எதிரே தொகை பூஜ்யமா என்று பாருங்கள். வேலை முடியும்போது சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஒரு பரிசோதனைப் பட்டியலை நீட்டுவார்கள். பிரேக், சஸ்பென்ஷன் என்று அதில் உண்மையும் இருக்கலாம். வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாகப் படியுங்கள். ஆனால் "முதலில் இதைச் செய்தால்தான் ரீகால்" என்று யாரும் நிபந்தனை போட முடியாது.

காற்றுப்பை ரீகாலுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். டகாட்டா நிறுவனத்தின் ஊதிகளில், அதாவது விபத்தில் பையை ஊதி விரிக்கும் கருவிகளில், அமோனியம் நைட்ரேட் இருந்தது. ஆண்டுக்கணக்கில் வெப்பமும் ஈரமும் பட்டால் அது கெட்டுப்போகும். விபத்தில் பை விரியும்போது உலோகக் கூடு வெடித்துச் சிதறி முகத்திலும் கழுத்திலும் பாயும். அமெரிக்காவில் மட்டும் இதனால் 25 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். ஏறத்தாழ 6.7 கோடி ஊதிகள் திரும்ப அழைக்கப்பட்டன. 2011 முதல் 2014 வரையிலான சியன்னாவின் முன் பயணி பக்கப் பையும் அதில் அடக்கம். வண்டி பழசாகப் பழசாக இந்த ஆபத்து கூடும். ஃபுளோரிடா, டெக்சாஸ், லூசியானா போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த இடங்களில் ஓடியது என்றால் இன்னும் கூடும். எனவே இதைத் தள்ளிப்போடக் கூடாது. "ஓட்டாதீர்கள்" என்று கம்பெனியே எச்சரித்த வண்டி என்றால், இழுத்துச் செல்லும் வண்டியையோ மாற்று வண்டியையோ இலவசமாக அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். காற்றுப்பை வேலைக்கு பேட்டரி இணைப்பைக் கழற்றுவார்கள். பழைய ஹோண்டாக்களில் அதன் பிறகு ரேடியோ குறியீடு கேட்கும். குறியீட்டு அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். ஜன்னலின் ஒரே அழுத்தில் ஏறி இறங்கும் வசதியையும் மறுபடி பழக்க வேண்டியிருக்கலாம். அதையும் செய்து கொடுத்தார்களா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.

"பாகம் இல்லை" என்ற பதிலில்தான் பலர் சோர்ந்துவிடுகிறார்கள். சும்மா திரும்பி வராதீர்கள். ரிப்பேர் ஆர்டர் ஒன்றைத் திறக்கச் சொல்லி, வண்டி இந்தத் தேதியில் ரீகாலுக்காகக் கொண்டுவரப்பட்டது, பாகத்துக்கு ஆர்டர் போட்டாயிற்று என்று எழுதி வாங்குங்கள். தேதி முக்கியம். தீர்வு கிடைக்கத் தொடங்கிய பிறகு, வண்டியைக் கொண்டுவந்து காட்டிய நாளிலிருந்து 60 நாளுக்குள் சரியாகப் பழுதுபார்க்காவிட்டால், நியாயமான காலத்துக்குள் செய்யவில்லை என்பதற்கு அதுவே முதல்நோக்கு ஆதாரம், அதாவது மறுத்து நிரூபிக்காதவரை போதுமான ஆதாரம், என்று சட்டம் சொல்கிறது. அந்த நிலையில் கம்பெனி மாற்று வண்டி தர வேண்டும், அல்லது தேய்மானம் கழித்து விலையைத் திருப்பித் தர வேண்டும். பழைய வேனுக்குத் தேய்மானம் போக மிஞ்சுவது சொற்பம். எனவே இதைப் பணம் வாங்கும் வழியாகப் பார்க்காமல், வேலையை நகர்த்தும் நெம்புகோலாகப் பயன்படுத்துங்கள். வாயால் சொன்ன "அப்புறம் வாங்க"வுக்கு இந்தக் கணக்கில் மதிப்பில்லை.

டீலர் மறுத்தால் சர்வீஸ் மேனேஜரைக் கேளுங்கள். அவரும் மறுத்தால் அதே பிராண்டின் இன்னொரு டீலரிடம் போங்கள். நடைமுறையில் பாதிச் சிக்கல் இங்கேயே தீரும். அதற்கும் மசியாவிட்டால் கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணை அழைத்து உங்கள் புகாருக்கான எண் வாங்குங்கள். யாரிடம், எந்தத் தேதியில் பேசினீர்கள் என்று குறித்து வையுங்கள். பிறகு நிட்ஸாவில் புகார் பதியலாம். எண் 1-888-327-4236. உங்களுக்காக அவர்கள் டீலரிடம் வாதாட மாட்டார்கள். ஆனால் ஒரே ரீகாலில் இப்படிப் பல புகார்கள் சேர்ந்தால், அந்தக் கம்பெனி ரீகாலை எப்படி நடத்துகிறது என்று பார்ப்பார்கள்.

ரீகால் வருவதற்கு முன்பே அதே கோளாறைச் சொந்தச் செலவில் சரிசெய்திருந்தால், ரசீதைத் தேடுங்கள். வெளி மெக்கானிக்கிடம் செய்திருந்தாலும் திரும்பப் பெற வழியுண்டு. எந்தத் தேதி முதல் செய்த வேலைக்கு, எந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது கம்பெனி அனுப்பும் கடிதத்தில் இருக்கும். இந்தக் கெடு நிஜமாகவே காலாவதி ஆகும்.

பழைய வண்டியை இரண்டாம் கையாக வாங்கியவர்களுக்கு அந்தக் கடிதமே வராமல் போகலாம். மாநிலப் பதிவில் உள்ள முகவரிக்குத்தான் அது போகும். வீடு மாறினால் மாநில அலுவலகத்தில் மாற்றுவதோடு நிற்காமல், கம்பெனியின் இணையதளத்திலும் உங்களை உரிமையாளராகப் பதிந்துகொள்ளுங்கள். வேலை முடிந்து சில வாரங்களுக்குப் பிறகு வின் எண்ணை மீண்டும் தட்டிப் பாருங்கள். இன்னும் பாக்கி என்று காட்டினால் டீலர் கணக்கை முடிக்கவில்லை. ரிப்பேர் ஆர்டரின் நகலைக் காட்டி முடிக்கச் சொல்லுங்கள்.