ஸ்டாம்ஃபர்டின் சத்திரங்களும் ஆலைகளும் சாலைகளும்: இங்கிலாந்தின் பழங்கட்டட விதிகள் எதைக் காக்கின்றன?

லிங்கன்ஷயரின் தென்கோடியில், வெலண்ட் ஆற்றங்கரையில் இருக்கும் ஸ்டாம்ஃபர்ட் நகருக்குள் தெற்கிலிருந்து வருபவர், சாலையின் குறுக்கே தோரணம்போல் கட்டப்பட்ட ஒரு பெயர்ப்பலகையைக் கடந்துதான் பாலத்தை அடைய வேண்டும். அது ஜார்ஜ் சத்திரத்தின் பலகை. லண்டனிலிருந்து யார்க் வழியாக எடின்பரோ சென்ற பெரு வடக்குச் சாலை அதன் அடியில்தான் ஓடியது. குதிரை பூட்டிய கோச்சு வண்டிகளுக்காகப் பயணிகள் காத்திருந்த இரண்டு அறைகள், அவரவர் போகும் திசையை ஒட்டி ‘லண்டன்’, ‘யார்க்’ என்று பெற்ற பெயர்களை இன்றும் தாங்கியிருக்கின்றன. பின்னாளில் வடக்கு நோக்கிய முதன்மை ரயில்பாதை பீட்டர்பரோ வழியாகப் போய்விட்டது. 1960இல் புறவழிச் சாலையும் திறக்கப்பட்டது. வளர்ச்சி ஒதுங்கிப் போனதாலேயே பழைய கல் கட்டடங்கள் பிழைத்தன என்று சொல்லலாம். ஆனால் இன்று அவற்றைக் காப்பது ஒதுக்குப்புறம் அன்று, சட்டம். அந்தச் சட்டம் எதைக் காக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பதில் உள்ளூர்க்காரர்களுக்கே குழப்பம் உண்டு.

முதன்மையான ஏற்பாடு, காக்க வேண்டிய கட்டடங்களைப் பதிவுசெய்யும் கட்டடப் பட்டியல். 1940களில் தொடங்கிய இந்த முறை, இப்போது 1990ஆம் ஆண்டின் ‘பட்டியல் கட்டடங்கள் மற்றும் பாதுகாப்புப் பகுதிகள்’ திட்டமிடல் சட்டத்தின் கீழ் நடக்கிறது. ஒரு கட்டடத்தைப் பட்டியலில் சேர்க்கும்படி யார் வேண்டுமானாலும், பழங்கட்டடங்கள் குறித்து அரசுக்கு ஆலோசனை தரும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்புக்கு விண்ணப்பிக்கலாம். உரிமையாளரின் சம்மதம் தேவையில்லை. அந்த அமைப்பு ஆராய்ந்து பரிந்துரைக்கிறது, பண்பாட்டுத் துறை அமைச்சர் முடிவெடுக்கிறார். 1700க்கு முன் கட்டப்பட்டு, ஏறக்குறைய பழைய உருவத்தோடு நிற்பவை பெரும்பாலும் இடம்பெற்றுவிடும். 1700 முதல் 1850 வரையிலானவற்றில் பலவும் இடம்பெறும். முடிவில் உடன்பாடில்லாதவர் 28 நாட்களுக்குள் மறுஆய்வு கேட்கலாம்.

பட்டியலில் மூன்று தரங்கள் உள்ளன. முதல் தரத்தில் சுமார் 2.5 விழுக்காடும், நட்சத்திரக் குறியிட்ட இரண்டாம் தரத்தில் சுமார் 5.8 விழுக்காடும், எஞ்சிய அனைத்தும் சாதாரண இரண்டாம் தரத்திலும் அடங்கும். இரண்டாம் தரம் என்றால் முகப்பை மட்டும் மாற்றாமல் விட்டால் போதும் என்பது பரவலான நம்பிக்கை, முற்றிலும் தவறானதும்கூட. எந்தத் தரமானாலும் பாதுகாப்பு உள்ளும் புறமும் ஒன்றே: மாடிப்படி, கணப்பு, மர உத்திரம், பலகை பாவிய தரை எல்லாம் அதில் அடங்கும். பழைய பதிவுகள் பல, கட்டடத்தை அடையாளம் காட்டுவதற்காக எழுதப்பட்ட நாலைந்து வரிக் குறிப்புகள்தான். குறிப்பில் சொல்லப்படவில்லை என்பதற்காக ஒரு பொருள் காப்புக்கு வெளியே போய்விடாது. கட்டடத்தோடு பொருத்தப்பட்டவையும், அதே வளாகத்தில் 1948 ஜூலை 1க்கு முன்பிருந்தே நிற்கும் துணைக்கட்டடங்களும் சேர்த்தே காக்கப்படுகின்றன.

நீராலைகளில்தான் இந்த நுணுக்கம் கைக்குத் தட்டுப்படும். ஸ்டாம்ஃபர்டில் கிங்ஸ் மில், ஹட்ஸ் மில் என்று இரண்டு ஆலைகளின் பெயர்கள் நிலைத்திருக்கின்றன. இத்தகைய ஓர் ஆலையில் சுவரோடு பிணைந்த நீர்ச்சக்கரமும், அதிலிருந்து மேலே ஏறும் அச்சும் பல்சக்கரங்களும் கட்டடத்தின் பகுதி. அவற்றைக் கழற்ற அனுமதி வேண்டும். முற்றத்தில் சும்மா சாய்த்து வைத்திருக்கும் தேய்ந்த அரைகல்லுக்கு, அது எங்கும் பொருத்தப்படாததால், பொதுவாக இந்தக் காப்பு கிடைக்காது. வரலாற்றைப் பார்த்தால் அந்தக் கல்தான் ஆலையின் உயிர். சட்டமோ பொருத்தத்தைத்தான் பார்க்கிறது.

பட்டியல் கட்டடத்தை இடிக்கவோ நீட்டவோ, அதன் தன்மை மாறும்படி திருத்தவோ உள்ளூர்த் திட்டமிடல் அமைப்பின் முன்அனுமதி தேவை. ஸ்டாம்ஃபர்டுக்கு அது தெற்கு கெஸ்டீவன் மாவட்ட மன்றம். இந்த அனுமதிக்குக் கட்டணம் கிடையாது. முடிவுக்கான வழக்கமான காலம் 8 வாரம். மறுத்தால் 6 மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதே பொருள், அதே முறை என்று செய்யும் சாதாரணப் பழுதுபார்ப்புக்குப் பொதுவாக அனுமதி வேண்டாம். ஆனால் சுண்ணாம்புக் காரை பூசிய கல்சுவரில் சிமென்ட் பூசுவது பழுதுபார்ப்பு ஆகாது: சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் உள்ளேயே அடைத்துவைக்கும், சில ஆண்டுகளில் கல் பொடிந்து உதிரும்.

அனுமதியின்றிச் செய்வது குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறையும், உச்சவரம்பற்ற அபராதமும் விதிக்கப்படலாம். பட்டியலில் இருப்பது தெரியாது என்பது தற்காப்பாக நிற்காது. 1809இல், அக்காலத்தின் மிகப் பருத்த மனிதராகப் பேர்பெற்ற, சுமார் 335 கிலோ எடையுள்ள டேனியல் லாம்பர்ட், இந்நகரின் ‘வேகன் அண்ட் ஹார்ஸஸ்’ சத்திரத்தில் இறந்தபோது, சக்கரம் பூட்டிய சவப்பெட்டியை வெளியே கொண்டுவர அறையின் சன்னலையும் சுவரையும் இடிக்க நேர்ந்தது. பட்டியலில் உள்ள ஒரு சத்திரத்தில் இன்று அப்படி இடிக்க வேண்டுமானால், துக்கத்துக்கு நடுவிலும் மன்றத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதியாக வேண்டும்!

பழைய சத்திரத்தையோ ஆலையையோ வாங்குபவர் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். முன்னாள் உரிமையாளர் செய்த திருட்டுத் திருத்தத்துக்குத் தண்டனை அவருக்குத்தான் என்றாலும், அதைச் சரிசெய்யச் சொல்லும் அமலாக்க அறிவிப்பு இன்றைய உரிமையாளர்மீது வரும். அதற்குக் காலவரம்பே இல்லை. ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்கும் அனுமதிக் கடிதத்தைக் கேட்டு வாங்குவது நல்லது. அனுமதி பெற்ற திருத்தங்களுக்கு ஒரு காலத்தில் இருந்த மதிப்புக்கூட்டு வரி விலக்கும் 2012 அக்டோபர் 1 முதல் நீக்கப்பட்டுவிட்டது. மறுபுறம், காலியாகக் கிடக்கும் பட்டியல் வணிகக் கட்டடத்துக்கு வணிகக் கட்டட வரி கிடையாது. பழுதுபார்ப்பவருக்கு முழு வரி, பூட்டி வைப்பவருக்குச் சலுகை என்ற இந்த ஏற்பாடு எனக்கு விளங்கவில்லை.

தனிக் கட்டடத்தைத் தாண்டித் தெருவையே காப்பதற்கு வந்தது ‘பாதுகாப்புப் பகுதி’. 1967ஆம் ஆண்டின் சட்டம் அதற்கு வழிசெய்தது. முதன்முதலாக அவ்வாறு அறிவிக்கப்பட்ட நகரம் ஸ்டாம்ஃபர்ட்தான். அத்தகைய பகுதியில் பட்டியலில் இல்லாத கட்டடத்தை இடிப்பதற்கும் பொதுவாகத் திட்டமிடல் அனுமதி வேண்டும். மரம் வெட்ட 6 வார முன்னறிவிப்பு தர வேண்டும்.

இவ்வளவு இருந்தும் அந்தப் பட்டியல், கட்டடத்தைத்தான் காக்கிறது, அங்கே நடக்கும் தொழிலை அன்று. சத்திரம் சத்திரமாகவே நடக்க வேண்டும் என்று அது சொல்வதில்லை. மதுக்கூடமாகவும் நடக்கும் சத்திரங்களுக்குத் துணையாக இரண்டு வேறு விதிகள் உள்ளன. மதுக்கூடத்தை இடிக்கவோ கடையாக மாற்றவோ 2017 மே முதல் முழுத் திட்டமிடல் அனுமதி தேவை. 2011ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் ‘சமூக மதிப்புள்ள சொத்து’ என்ற பதிவை ஏற்படுத்தியது: உள்ளூர்வாசிகள் 21 பேர் சேர்ந்த குழுவோ ஊர் மன்றமோ ஒரு மதுக்கூடத்தை முன்மொழியலாம். ஏற்கப்பட்டால் அந்தச் சட்டம் வகுத்தபடி பதிவு 5 ஆண்டு நிற்கும். உரிமையாளர் விற்க முனைந்தால் வாங்க விரும்புவதாகச் சொல்ல ஊராருக்கு 6 வாரமும், சொன்னால் பணம் திரட்ட மொத்தம் 6 மாதமும் கிடைக்கும். ஆனால் ஊராருக்கே விற்க வேண்டிய கட்டாயம் உரிமையாளருக்கு இல்லை.

சாலைக்கு இவற்றில் எதுவும் நேரடியாகப் பொருந்தாது. பெரு வடக்குச் சாலையின் ஒரு பகுதியில் 1663இலேயே நாடாளுமன்றச் சட்டத்தின்படி சுங்கம் வசூலிக்கத் தொடங்கினார்கள். சுங்கம் வசூலித்துச் சாலையைப் பராமரித்த பிற்காலச் சுங்கச் சாலை அறக்கட்டளைகளுக்கு அதுவே முன்னோடி. அந்த அறக்கட்டளைகள் 19ஆம் நூற்றாண்டோடு முடிந்துபோக, அவை நட்ட மைல்கற்களும் கட்டிய சுங்கவீடுகளும் பல இடங்களில் இரண்டாம் தரப் பட்டியலில் தனித்தனியாக நிற்கின்றன. ஆலைக்குச் சென்ற பழைய நடைபாதையை யாராவது அடைத்துவிட்டால், விண்ணப்பம் போக வேண்டிய இடம் லிங்கன்ஷயர் கவுண்டி மன்றம். பொதுவழிகளின் அதிகார வரைபடம் அங்கேதான் இருக்கிறது. பழைய நிலப்படங்களைக் கொண்டோ, 20 ஆண்டு தடையின்றி நடந்துவந்தவர்களின் எழுத்துச் சாட்சியைக் கொண்டோ விடுபட்ட பாதையை அதில் சேர்க்கக் கோரலாம்.