போன் திரும்பிக் கைக்கு வந்த பிறகு

செர்பியாவில், பல்கேரிய எல்லையை ஒட்டி டிமிட்ரோவ்கிராட் என்றொரு சிறிய ஊர். உள்ளூர்ச் செய்தி எழுதும் ஸ்லாவிஷா மிலானோவின் காரை 2024 பிப்ரவரியில் போலீஸ் மறித்தது. வழக்கமான வாகனச் சோதனை போலத்தான் இருந்தது. ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்கள். போனை அணைத்து வெளியே வைக்கச் சொன்னார்கள். திரும்பி வந்து போனைப் பார்த்தால், மொபைல் டேட்டாவும் வைஃபையும் ஆஃப் ஆகியிருந்தன. அவர் அதைத் தொடவே இல்லை.

பத்திரிகையாளர்களுக்குக் கைப்பேசிப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கும்போது இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துவேன். நம்மில் பலர், கை பட்டிருக்கும் என்று நினைத்து ஆன் செய்துவிட்டுப் போயிருப்போம். மிலானோவ் அப்படி விடவில்லை. ஆம்னஸ்டி என்ற மனித உரிமை அமைப்பின் வல்லுநர்கள் சோதித்தபோது எல்லாம் வெளியே வந்தது. பூட்டிய போனைத் திறக்கும் செல்லபிரைட் என்ற கருவியால் பூட்டைத் திறந்து, நோவிஸ்பை என்ற உளவுச் செயலியை ஏற்றியிருக்கிறார்கள். பாஸ்வேர்டை அவரிடம் யாரும் கேட்கக்கூட இல்லை. திரையைப் படம்பிடித்து அனுப்பும், மைக்கையும் கேமராவையும் தூரத்திலிருந்தே இயக்கவிடும் செயலி அது. 2024 டிசம்பரில் ஆம்னஸ்டி இதை அறிக்கையாக வெளியிட்டது. செர்பிய உளவுத்துறை மறுத்தது.

அதே 2024 பிப்ரவரியில் செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் ஒரு தீர்ப்பும் வெளியானது. ஸ்லாவ்கோ சுருவியா என்ற பத்திரிகை அதிபர் 1999 ஏப்ரல் 11 அன்று வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் முன்பு தண்டிக்கப்பட்ட உளவுத்துறையின் முன்னாள் ஆட்கள் நால்வரும் மேல்முறையீட்டில் விடுதலையானார்கள். கொலைக்குச் சற்று முன்புவரை ரகசியப் போலீஸ் அவரைப் பின்தொடர்ந்தது. அப்போது ஒருவரைப் பின்தொடர ஒரு கூட்டமே தெருவில் நிற்க வேண்டியிருந்தது. இப்போது அவர் பையில் இருக்கும் போனே போதும்.

எனக்கு அதிகம் பதறுவது, பத்திரிகையாளரை நம்பிப் பேசியவர்களை நினைத்துத்தான். சின்ன ஊரில் நகராட்சி ஊழியர் ஒருவர் ரகசியமாக ஒரு கோப்பைக் காட்டியிருப்பார். அவர் பெயர் எந்தச் செய்தியிலும் வராது, ஆனால் அழைப்புப் பட்டியலில் இருக்கும்.

வகுப்பில் தவறாமல் வரும் கேள்வி: "போன் கைக்கு வந்ததும் ரீசெட் செய்துவிடலாமே?" வேண்டாம். ரீசெட் செய்தால் தடயமும் போய்விடும். சரி, வேறு என்ன செய்வது? சாஃப்ட்வேர் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். நாலு இலக்க 'பின்' (PIN) எண்ணை விட்டுவிட்டு நீளமான பாஸ்வேர்டு வையுங்கள். இவை திறப்பதைக் கடினமாக்கும், அவ்வளவுதான். போன் உங்கள் கையைவிட்டு ஒருமுறை போய் வந்துவிட்டால், அதில் எதுவும் பேசாமல் விவரம் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். அதற்கும் முன்னால், உங்களிடம் தகவல் சொன்னவர்களுக்கு வேறு வழியில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.