குதிரை வண்டியை இழுப்பதில்லை

சேலம் ஜங்ஷனில் இறங்கி செவ்வாய்ப்பேட்டைக்கு ஜட்காவில் போன கதையை எங்கள் ஆயா சொல்லும்போதெல்லாம், வண்டிக்காரர் பேசிய இரண்டே வசனங்கள் தவறாமல் வரும். ஏறி உட்கார்ந்ததும், "முன்னாடி நவுந்து உக்காருங்க, பின்பாரமா இருக்கு." மேடு வந்ததும், "ஆம்பளைங்க எல்லாம் கொஞ்சம் எறங்கி நடங்க சாமி." சக்கரத்து ஆரக்கால்களில் அவர் சாட்டைக் குச்சியை விட்டுக் கடகடவென்று சத்தம் எழுப்பியதெல்லாம் அப்புறம்தான் வரும். பாரம் இழுக்கும் குதிரையின் இயற்பியலில் பாதி அந்த இரண்டு வசனங்களுக்குள் இருக்கிறது என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

இழுக்கும் குதிரை என்று சொல்லிவிட்டேன். உண்மையில் குதிரை தள்ளுகிறது. வண்டி அதற்குப் பின்னால் இருப்பதால் நம் கண்ணுக்கு இழுப்பது போலத் தெரிகிறது, அவ்வளவுதான். பக்கவாட்டில் நின்று பாருங்கள். ஒரு தோல்பட்டை குதிரையின் நெஞ்சுக்கு முன்னால் சுற்றி வந்து, இரு பக்கமும் வண்டியோடு இணைந்திருக்கும். குதிரை பின்னங்கால்களால் தரையைப் பின்னோக்கி உதைக்கிறது. தரை அதை முன்னே தள்ள, நெஞ்சு போய்ப் பட்டையை அழுத்துகிறது. பட்டை நகர்ந்தால் வண்டியும் நகர்ந்துதானே ஆக வேண்டும்?

வீட்டில் பீரோவை நகர்த்தியவர்களுக்கு இது உடம்புக்கே தெரியும். ஒரு காலைப் பின்னால் ஊன்றி, உடம்பைத் தாழ்த்தி, முன்னால் சாய்ந்து தள்ளுவோம். கனமான பாரத்தை முதன்முதலாக அசைக்கும் குதிரையும் இதையேதான் செய்யும்: தலையை இறக்கும், பின்புறத்தைத் தாழ்த்தும். பளபளப்பான மொசைக் தரையில் காலுறையோடு நின்று பீரோவைத் தள்ளினால் என்ன ஆகும்? வழுக்குவது நாம்தான். ஆக, தசைபலம் மட்டும் போதாது, தரையில் பிடிமானமும் வேண்டும். அந்தப் பிடிமானத்தைத் தருவது உடம்பின் எடை. இங்கிலாந்தின் ஷயர், ஸ்காட்லாந்தின் கிளைட்ஸ்டேல், பிரான்சின் பெர்ச்செரான் போன்ற பாரக்குதிரைகளில் ஒரு டன் வரை எடையுள்ளவை உண்டு. அந்த எடைதான் அவற்றின் நங்கூரம்.

இப்போது "பின்பாரம்" விஷயத்துக்கு வரலாம். ஜட்காவுக்கு இரண்டே சக்கரம். அச்சை நடுவில் வைத்து ஆடும் ஏற்றப்பலகை போன்றது அது. எல்லோரும் பின்னால் உட்கார்ந்தால், முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் ஏர்க்கால்கள் மேலே எழும்பும். குதிரையின் வயிற்றுக்குக் கீழே போகும் வார் அதையும் சேர்த்துத் தூக்கப் பார்க்கும். குதிரையின் எடையில் கொஞ்சம் திருடு போகிறது, குளம்பின் பிடிமானமும் போகிறது. முன்பாரம் அதிகமானால் முதுகு வலிக்கும். மேட்டில் ஏறும்போது வண்டியே பின்னால் சாய்வதால் பின்பாரம் தானாகக் கூடும். அதனால்தான் வண்டிக்காரர் மேடு வந்தால் ஏர்க்காலை ஒட்டி நகர்ந்து உட்காருவார்.

மாட்டுக்கு இந்த நெஞ்சுப்பட்டை தேவைப்படவில்லை. நம் நாட்டு மாட்டுக்குத் திமில் இருக்கிறது. நுகத்தடி அதன் முன்னால் வசதியாக உட்கார்ந்துகொள்ளும். குதிரைக்குத் திமில் கிடையாது. அதன் மேல் நுகத்தடியை வைத்தால் நிலையாகத் தங்காது, கட்டி நிறுத்தினால் கழுத்தை உறுத்தும். இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு, பூட்டாங்கயிறு என்று உழவனின் சொற்கள் இருக்கின்றன. குதிரைக்கு லகான், சவாரி என்று பாரசீகத்திலிருந்து வந்தவையும் ஒட்டிக்கொண்டன. குதிரை நமக்கு விலை கொடுத்து வாங்கிய வெளியூர்ச் சரக்கு. கூடவே சொற்களும் இறங்கியிருக்கின்றன.

சரி, ஆண்களை ஏன் இறங்கச் சொன்னார்? வண்டியும் ஆட்களும் சேர்ந்து 500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சமதளத் தார்ச்சாலையில் அதை உருட்ட எடையில் சுமார் 2 சதவீதம், அதாவது 10 கிலோ அளவுக்கு விசை போதும். 20 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் மேடு வந்தால் கூடுதலாக 25 கிலோ. மொத்தம் 35. நாள் முழுக்க வேலை செய்யும் குதிரை தன் எடையில் பத்தில் ஒரு பங்கு விசையைத் தொடர்ந்து தர முடியும் என்பது பழைய கணக்கு. 250 கிலோ மட்டக்குதிரைக்கு அது 25தான். தன் உடம்பையும் அந்த மேட்டில் அதுவே ஏற்ற வேண்டும் என்பதை நான் இதில் சேர்க்கவே இல்லை. சின்ன மேடு என்றால் தம் கட்டி ஏறிவிடும், நீள மேட்டில் முடியாது. மூன்று ஆண்கள் இறங்கினால் 500 என்பது 320 ஆகும், 35 என்பது 22 ஆகும். காகிதமே இல்லாமல் வண்டிக்காரர் போட்ட கணக்கு இது.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுபோய் வைத்த சேர்வராயன் மலைக்கு இன்று நாம் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறோம். சேலத்திலிருந்து ஏற்காடு 1,200 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. பாதையை எத்தனை முறை மடித்தாலும் அந்த உயரம் குறையாது. ஒவ்வொரு அடிக்கும் தேவைப்படும் விசைதான் குறைகிறது. குதிரைக்கும் பேருந்துக்கும் அதே கணக்குதான்.

நம் ஊர்க் கிணறுகளில் ஓடும் "அஞ்சு எச்.பி. மோட்டார்" ஐந்து குதிரைகளுக்குச் சமமா? ஜேம்ஸ் வாட் தன் நீராவி எஞ்சினை விற்க வகுத்த அளவு அது: நொடிக்கு சுமார் 75 கிலோவை ஒரு மீட்டர் தூக்குவது, 746 வாட். நம் ஜட்கா குதிரை 10 கிலோ விசையில் நொடிக்கு 3 மீட்டர் ஓடினால் அரை எச்.பி.கூடத் தேறாது. ஆனால் பெரிய குதிரை சில நொடிகளுக்கு 10 எச்.பி.யையும் தாண்டும்.

மீதிப் பாதி வாயில் இருக்கிறது. "கொள்ளுன்னா வாயைத் திறக்கும், கடிவாளம்னா மூடிக்கும்" என்பார்கள். குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே ஈறு மட்டும் உள்ள ஓர் இடைவெளி உண்டு (ஆண் குதிரைக்கு அங்கே ஒரு சின்னக் கோரைப்பல் முளைக்கும்). கடிவாள இரும்பு உட்காருவது அங்கேதான். மெல்லிய தோல், கீழே எலும்பு. லேசாக இழுத்தாலே உறைக்கும்.

இங்கே ஒரு சிக்கல் வருகிறது. அழுத்தினால் எதிர்த்துச் சாய்வது குதிரையின் இயல்பு. நெஞ்சில் அது நமக்கு வேண்டும். அதை வைத்துத்தான் வண்டியே ஓடுகிறது. வாயில் அதே இயல்பு இருந்தால் வண்டி எங்கேயும் நிற்காது. நெஞ்சில் அழுத்தினால் முன்னே போ, வாயில் அழுத்தினால் விட்டுக்கொடு என்று ஒரே உடம்புக்கு இரண்டு இலக்கணங்களைக் கற்றுத்தர வேண்டும். அது கற்றுக்கொள்வதோ கயிற்றை இழுக்கும் நொடியில் அல்ல, தளர்த்தும் நொடியில். குதிரை நின்ற அக்கணமே கயிறு தளர்ந்தால், "ஓ, நின்றால் தொல்லை போகும்" என்று பதிகிறது. இரண்டு நொடி தாமதித்துத் தளர்த்தினால், அந்த இரண்டு நொடிக்குள் அது வேறு எதைச் செய்ததோ அதுதான் பதியும்.

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தைக்குப் போயிருந்தேன். குதிரைகளின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்து வயதைக் கணக்கிடுபவர்கள், சுழி பார்ப்பவர்கள் என்று ஒரே கூட்டம். ஓரமாக ஒரு பையன் மட்டக்குதிரை வண்டியை நிறுத்தப் பாடுபட்டுக்கொண்டிருந்தான். இரண்டு கையாலும் லகானை இழுத்துப் பிடித்திருந்தான். குதிரை முதலில் நின்றது, அவன் விடாததால் பின்னால் நடக்க ஆரம்பித்தது. அவன் இன்னும் இழுத்தான், அது இன்னும் பின்னால் போனது. பீடியைக் கீழே போட்டுவிட்டு அவன் தாத்தா சொன்னார்: "அடேய், கயித்த விடுடா."

விட்டான். குதிரை நின்று, தலையை ஒரு உதறு உதறிவிட்டு, பக்கத்து வண்டிப் புல்லில் வாய் வைத்தது.